சூடு கண்டால்தான் பிடிக்கும்

இன்று காலை உன் காரை ஜாக்கியில் தூக்கிப் பின்சக்கரத்தைக் கழற்றியதும், உள்வளைவிலிருந்து கருப்பாக ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. எலிப் புழுக்கை என்று நினைத்துக் குனிந்தேன். ரப்பர். ரேஸ் டிராக்கில் திருப்பத்துக்குத் திருப்பம் வண்டிகள் தேய்த்து உதறிவிட்டுப் போகுமே, புழு மாதிரி சுருண்டு கிடக்குமே, அது. சூடான டயரில் ஒட்டிக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து தருமபுரி வரை வந்து, சேற்றுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்திருக்கிறது. ஒன்றை எடுத்து விரலில் நசுக்கி முகர்ந்தேன். ரப்பர் நாற்றத்திலேயே பிழைக்கிறவனுக்கு அதில் என்ன தனியாகத் தெரியப்போகிறது என்று நீ கேட்பாய். தெரிந்தது. வெயிலும் எரிந்த பிரேக்கும், ஹெல்மெட்டைக் கழற்றியதும் உன் தலையிலிருந்து வரும் வியர்வையும் சேர்ந்த வாடை அது.

போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் வீட்டில் போனவர்களுக்கு ஓதுவோம், அத்தோடு சரி. உனக்கு ஓதினால் பாதியில் எழுந்து, "பாய், சுருக்கமா முடி" என்பாய். அதனால் எழுதுகிறேன். விஷயமும் இருக்கிறது. டயர் விஷயம்தான், வேறென்ன.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. காரை உன் சுமதிதான் ஓட்டுகிறாள். காரிமங்கலத்திலிருந்து கம்பைநல்லூர் வழியாக அரூருக்குத் தினமும் போய்வருகிறாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இப்போது பத்தாம் வகுப்புக் கணக்கு. நீ இருந்தவரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு போனவள், நீ போன மூன்றாம் மாதமே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாள். நன்றாகவே ஓட்டுகிறாள். உன்னைவிட நன்றாக என்று சொன்னால் நீ சண்டைக்கு வருவாய். ஆனால் அவள் ஹாரன் அடிப்பதில்லை.

இன்று காற்று பார்க்கத்தான் வந்தாள். "காத்து மட்டும் பாருங்கண்ணா, பிரேயருக்குள்ள போவணும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு நின்றாள். நான் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தியதும் பார்த்துவிட்டேன். நீ கடைசியாக வாங்கிய அதே நான்கு டயர். வெளி ஓரம் மழுங்கிப்போய் வழவழவென்று இருந்தது. நகத்தை அழுத்திப் பார்த்தேன். புதிதில் நகம் இறங்கும் ரப்பர் அது. இப்போது இறங்கவில்லை. பம்பருக்கு அடியில் காய்ந்த சேறும் அதில் ஒட்டிய புல்லும் இருந்தன. பள்ளிக்கூடத்துக்குப் போகிற காரின் பம்பரில் புல் எப்படி வரும்?

"எங்கம்மா உட்டீங்க?" என்றேன்.

"எங்கயும் உடலையே."

"புல்லு தானா ஏறி ஒட்டிக்கிச்சாக்கும்."

அவள் தெருவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். போன வாரம் சாயங்காலம் பெரிய மழை. கம்பைநல்லூர் தாண்டி ரோட்டில் தண்ணீர் தேங்கிய இடத்தில் கார் மிதந்திருக்கிறது. ஸ்டியரிங் லேசாகிவிட்டதாம், திருப்பினால் திரும்பவில்லையாம், பிரேக்கை மிதித்தால் ஒன்றும் நடக்கவில்லையாம். கார் தன் இஷ்டத்துக்கு அரைவட்டம் போட்டு, ஒரு புளியமரத்துக்கு முன்னால் மண்ணில் இறங்கி நின்றிருக்கிறது. எதிரில் பஸ் வரவில்லை. "வந்திருந்தா இன்னிக்கு உங்ககிட்ட காத்து புடிக்க வந்திருக்க மாட்டேன்" என்று அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

இது உனக்குத் தெரியாத விஷயமா? எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

நீ முதல்முதலாக இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம் என்றாலும் அதற்கு முன்பு நீ என்னிடம் டிராக்டர் டயரும் ஜேசிபி டயரும்தான் வாங்கியிருக்கிறாய். அன்று கையில் தக்காளிக் கூடையோடு வந்தாய். நாற்பதை நெருங்குகிற வயதில் ஒரு மனிதனுக்குச் சர்க்கரை வரும், பக்தி வரும். உனக்கு டிராக் வந்திருந்தது. யாரோ ஒரு நண்பன் கூட்டிப்போயிருக்கிறான். பந்தயமில்லை, ஜெயிப்பு தோற்பு கிடையாது, அவனவன் சொந்த வண்டியைக் கொண்டுவந்து எதிரில் லாரியும் மாடும் வராத ரோட்டில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிற நாள் என்று ஒரு மணி நேரம் விளக்கினாய். கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஆட்களும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

முதல் தடவை கம்பெனியிலிருந்து காரோடு வந்த டயரிலேயே ஓட்டியிருந்தாய். ஓரம் வெந்த கத்தரிக்காய்த் தோல் மாதிரி உரிந்து வந்திருந்தது. "இது ஆவாது பாய். நல்லா ஒட்டிப் புடிக்கிறதா ஒண்ணு சொல்லு" என்றாய்.

டயரின் பக்கவாட்டில் ஒரு எண் இருக்கும், தேய்மானத்துக்கு உரியது. அது பெரிதாக இருந்தால் ரப்பர் கெட்டி, வருடக்கணக்கில் ஓடும். சின்னதாக இருந்தால் ரப்பர் மெத்து, ரோட்டைக் கவ்வும், ஆனால் பென்சில் அழிக்கிற ரப்பரைப்போல் தேயும் என்று சொன்னேன். கவ்வுகிற டயரில் பள்ளம் குறைவாக வெட்டியிருப்பார்கள். ரோட்டில் படுகிற ரப்பர் அதிகம் என்பதால் பிடிப்பும் அதிகம். ஆனால் மழைத் தண்ணீர் வெளியேற வழி இருக்காது என்றும் சொன்னேன். பிடிப்பு, உழைப்பு, மழை. இந்த மூன்றையும் ஒரே டயரில் கேட்பது மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே சேலை எடுக்கிற கதை என்றேன்.

நீ தக்காளிக் கூடையை மேஜைமேல் வைத்துவிட்டு, "எங்க வூட்ல எடுத்திருக்கேன். ரெண்டு பேரும் கட்டிக்கிட்டாங்க" என்றாய்.

உன்னோடு வாதம் செய்வது அப்படித்தான். பெங்களூருக்குச் சொல்லி, உன் அளவுக்கு வெளிநாட்டு டயர் வரவழைத்தேன். அதற்கு ஒரு மாதம் ஆனது. தினமும் போன். டயர் வந்த அன்று அதன் மேல் சுற்றியிருந்த காகிதத்தை என்னைக் கிழிக்கவிடாமல் நீயே கிழித்து, நகத்தை அழுத்தி, "பாய், இது வெண்ணெய்டா" என்றாய். நான்கையும் மாட்டியதும் வழக்கப்படி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். என் கடையில் பஞ்சர்ப் பசைக்குப் பக்கத்தில் எப்போதும் எலுமிச்சம்பழம் இருக்கும். புது டயர் மாட்டிவிட்டுப் பழம் நசுக்காமல் இந்த ஊரில் யார் வண்டியை எடுக்கிறார்கள்? பாய் கடைப் பழத்துக்குத்தான் வேகம் அதிகம் என்று நீ ஊரெல்லாம் சொல்லிவைத்தாய். பழத்துக்கென்றே நின்றுவிட்டுப் போகிற வண்டிகள் இன்னும் வருகின்றன.

உன் தொல்லையில் நானும் டிராக்குக்கு வர ஆரம்பித்தேன். தொப்பூர் இறக்கத்தில் மட்டும் பதவிசாக ஓட்டுவாய், அது ஒரு ஆச்சரியம். "இங்க வீரம் காட்டுறவன் எல்லாம் போட்டோவா தொங்குறான்" என்பாய். டிராக்கில் எனக்கு வேலை காற்று. ஓட்டத் தொடங்குமுன் குறைத்து விட வேண்டும், ஓடி வந்ததும் சூட்டோடு அளந்து பார்க்க வேண்டும், கிளம்பும்போது ரோட்டுக்குத் தகுந்தபடி திரும்ப நிரப்ப வேண்டும். மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் நிழலில் நிற்பேன். நீ இறங்கி வந்து டயரின்மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு, கை சுட்டதும் குழந்தை மாதிரி சிரிப்பாய்.

அந்த ஆயுத பூஜையை மறக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமையும் பூஜையும் ஒன்றாக வந்த வருடம். ஊரில் ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் பூஜை போட ஆளை வைத்துவிட்டு, காருக்கு மட்டும் டிராக்கிலேயே போடுவதென்று பூசணிக்காய், பொரி, சந்தனம் எல்லாவற்றையும் டிக்கியில் ஏற்றினாய். காலையில் நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் காரைக் கழுவி, மாலை போட்டு, டயருக்குப் பளபளப்பு எண்ணெயும் பூசி முடித்திருந்தாய். பக்கவாட்டில் பூச வேண்டியது அது. ஊரில் எல்லாரும் அப்படித்தான் பூசுவார்கள். நீ வண்டியை முன்னும் பின்னுமாக நகர்த்தி, தரையில் ஓடுகிற பாகத்துக்கும் பூசியிருக்கிறாய். "அது மட்டும் ஏன் பொலிவில்லாம இருக்கணும்?" என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தெரியாது, மாலையைப் பார்த்தேனே தவிர டயரைப் பார்க்கவில்லை.

முதல் திருப்பத்தில் உன் கார் பம்பரம் சுற்றியது. ஒன்றரைச் சுற்று சுற்றிப் புல்லில் போய், வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. கொடி பிடித்தவர்கள் ஓடினார்கள். நானும் ஓடினேன். நீ கண்ணாடியை இறக்கி, "பாய், டயர் சரியில்ல" என்றாய். நான் குனிந்து தொட்டேன், கையில் எண்ணெய் வழுவழுத்தது. எனக்கு வந்த கோபத்தில் அங்கே இருந்த கொடிக்காரர் முன்னாலேயே திட்டினேன். "எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டினா அது தூங்கத்தான்டா செய்யும்!" நீ புல்லில் உட்கார்ந்து சிரித்தாய், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். உடைத்த பூசணிக்காயைப் பொறுக்கச் சொல்லித் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். நாம் இருவரும்தான் கூட்டினோம். அதற்குப் பிறகு அந்த இடத்தில் எந்த வண்டிக்கும் பூஜை போடக் கூடாதென்று பலகை வைத்துவிட்டார்கள்.

நமக்குள் நிஜமான சண்டை ஒன்றே ஒன்றுதான். இரண்டு செட் டயர். டிராக்குக்கு ஒரு செட், ரோட்டுக்கு ஒரு செட். மெத்து டயரைத் தனி ரிம்மில் போட்டு ஓர் ஓரமாக வைத்துக்கொள், போகும்போது பிக்கப்பில் போட்டுக்கொண்டு போய் அங்கே மாற்றிக்கொள், ஊரில் பள்ளம் அகலமாக வெட்டிய நல்ல மழை டயரில் ஓட்டு என்றேன். டிராக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். உனக்கு இடமில்லையா, ரிம்முக்கு வழியில்லையா? எல்லாம் இருந்தது. நீ கேட்கவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. "அது வேண்டாம் பாய்" என்றாய், அவ்வளவுதான். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நீ போனாய். ஊரே நீ காரில்தான் போவாய் என்று எதிர்பார்த்தது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதக் காத்திருந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனாய். நெஞ்சு. கேட்டவர்கள் எல்லாரும் முதலில், "எந்த ரோட்ல?" என்றுதான் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அப்படி நடந்தது.

இன்று காலைக்கு வருகிறேன்.

"டயரை மாத்திடலாம்மா" என்றேன்.

"வேண்டாங்ண்ணா. இன்னும் கோடு இருக்கில்ல."

"நடுவுல இருக்கு. ஓரத்துல போயிடுச்சு. ரப்பரும் இறுகிப்போச்சு. வர்றது ஐப்பசிம்மா. நாளைக்கே மறுபடியும் கொட்டினா?"

"மெதுவாப் போறேன்."

"அன்னிக்கும் மெதுவாத்தான போனீங்க?"

 அவள் கையில் டிபன் பை. அதன் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். வகுப்பில் பிள்ளைகளுக்கு அவளைக் கண்டால் பயம் என்று கேள்வி. என் கடையில் அவளே தப்புக் கணக்குப் போட்டுவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றாள்.

உன் மகன் போன மாதமே பெங்களூரிலிருந்து பேசினான். "பாய் மாமா, அம்மா காத்து புடிக்க வர்றப்ப சொல்லாம மாத்திடுங்க. எல்லா டயரும் கருப்புதான, அவங்களுக்குத் தெரியாது" என்றான். அவனுக்கு அவன் அம்மாவைத் தெரியவில்லை. நான் மாட்டேன் என்றேன். ஆனால் இன்று காலை அவள் புளியமரத்தைச் சொன்ன பிறகு, மாற்றித் தொலைத்திருக்கலாமே என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன்.

"அவரு கையால மாட்டுனதுங்ண்ணா" என்றாள் கடைசியில்.

"மாட்டுனது நானு. அவன் பக்கத்துல நின்னுகிட்டு நட்டை எண்ணிட்டிருந்தான்."

சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ரெண்டு செட்டு வெச்சுக்கன்னு நீங்க சொன்னீங்களாமே. அவரு ஏன் மாட்டேன்னாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

"நல்ல டயரை வெளையாட்டுக்கு வெச்சுக்கிட்டு, சாதா டயர்ல பொண்டாட்டியை உக்கார வெச்சு ஓட்டுறதான்னு கேட்டாரு. 'உலகத்துலயே நல்லாப் புடிக்கிற டயரு, அது உன்னை இஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான். டிராக்கு சும்மா சாக்கு'ன்னாரு."

 அடப்பாவி. இவ்வளவு வருடம் சோம்பேறி என்றல்லவா உன்னை நினைத்திருந்தேன். இதை என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேனே. நல்ல டயர் என்று தனியாக ஒன்று இல்லை, எந்த இடத்துக்கு நல்லது என்றுதான் உண்டு என்று சொல்லியிருப்பேனே. காய்ந்த ரோட்டில் அவளை யாரும் அசைக்க முடியாதபடி பிடித்த அதே டயர்தான் மழைத் தண்ணீரில் அவளைத் தூக்கிப் புளியமரத்துக்கு நேராகக் காட்டியிருக்கிறது. அன்பிலும் ஒருத்தன் இப்படித் தப்பாகத் தேர்வு செய்வானா? செய்திருக்கிறாய். அதைச் சுமதியிடம் எப்படிச் சொல்வேன்? உன் புருஷன் கணக்குத் தப்பு என்று கணக்கு வாத்தியாரிடமா?

கொஞ்ச நேரம் நட்டுகளைத் துடைத்தேன். துடைக்க வேண்டிய அவசியம் இல்லை. பிறகு சொன்னேன்: "நல்ல டயர்தாம்மா. அவன் சொன்னது பொய்யில்ல. ஆனா இது சூடு கண்டாத்தான் புடிக்கும். உங்க அரூர் ரோட்டுல நீங்க போற வேகத்துக்கு இது ஒரு நாளும் சூடாவாது. ஒன்றரை வருஷமா இதுக்குச் சூடே காட்டல. அதான் இறுகிக்கிட்டுக் கெடக்குது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப எங்க போனா சூடாவும்?"

"அங்கதான். டிராக்குல."

"அங்க எவ்ளோ ஓட்டுனா தேய்ஞ்சு முடியும்?"

"இருக்கிறதுக்கு, ஒரு நாள் நல்லா ஓட்டுனாப் போதும்."

"அப்ப அங்கயே ஓட்டி முடிச்சிடலாங்ண்ணா" என்றாள். ரேஷன் கடைக்குப் போய்வரலாம் என்பது மாதிரி. "அவரு ஆசைப்பட்டு வாங்குனது. புளியமரத்துல முடியறதுக்கு அங்க முடியட்டும்."

காரை என் கடையிலேயே விட்டுவிட்டு அரூர் பஸ் பிடிக்கப் போனாள். பிரேயருக்குப் பிந்தியிருப்பாள். நான் அதற்குப் பிறகுதான் சக்கரங்களைக் கழற்றினேன்; முதலில் சொன்ன ரப்பர் அப்போது உதிர்ந்ததுதான். கடிதத்தை இங்கே நிறுத்தி வைக்கிறேன். நடந்ததும் சொல்கிறேன்.

*

நடந்துவிட்டது. போய்விட்டு வந்துவிட்டோம்.

நீ ஒத்துக்கொள்ளாததை உன் மனைவி ஒரு பேச்சில் ஒத்துக்கொண்டாள். பழைய இரும்பு ரிம் நான்கு தேடிப் பிடித்து, மழைக்கு ஆகிற டயர் போட்டேன். அகலப் பள்ளம், சத்தமில்லாதது, தண்ணீரை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளுவது. அதில்தான் போனோம். உன் நான்கும் என் பிக்கப்பில் கயிற்றுக்கட்டோடு பின்னால் வந்தன. தொப்பூர் இறக்கத்தில் சுமதி உன்னைப்போலவே பதவிசாக இறங்கினாள். லாரிக்காரர் ஒருவர் ஹாரன் அடித்ததற்கு அவள் கையை மட்டும் ஆட்டியதாகத் தெரிந்தது.

டிராக்கில் சக்கரத்தை மாற்றினேன். காற்றைக் குறைத்தேன். உன் ஹெல்மெட் அவளுக்குப் பெரிது. உள்ளே துண்டை மடித்து வைத்துக்கொண்டாள். நான் வழக்கம்போல மீட்டரோடு சுவர் ஓரம் போனேன். அவள் கண்ணாடியை இறக்கி, "எங்க போறீங்க? ஏறுங்க" என்றாள்.

நீயும் ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவாய். "வா பாய், ஒரே ரவுண்டு." எனக்கு மூன்று பிள்ளைகள் என்பேன், மூட்டு வலி என்பேன், தொழுகை நேரம் என்பேன். நீ ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை. சுமதியிடம் அந்தச் சாக்கெல்லாம் செல்லவில்லை. "எனக்கு மட்டும் பயமில்லையா? ஏறுங்கண்ணா" என்றாள். அங்கேயே ஒரு ஹெல்மெட் கொடுத்தார்கள். ஏறினேன்.

முதல் இரண்டு சுற்று அரூருக்குப் போகிற மாதிரியே ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் முந்திப் போனார்கள். ஒருவன் முந்தும்போது கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அவள் இண்டிகேட்டர் போட்டு வழி விட்டாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மூன்றாவது சுற்றில் அவள் பேச்சை நிறுத்தினாள். நீள ரோட்டில் மிதித்தாள். முதல் திருப்பம், நீ பம்பரம் சுற்றிய அதே இடம், எதிரில் வந்துகொண்டே இருந்தது; அவள் காலை எடுக்கவில்லை. நான் உள்ளுக்குள் ஓதத் தொடங்கினேன். கடைசியில் பிரேக்கை அழுத்தி, வலப்பக்கம் திருப்பினாள். கார் விலகிப் போகவில்லை, வழுக்கவில்லை. யாரோ அடியிலிருந்து கையால் பிடித்து இழுத்த மாதிரி ரோட்டோடு ஒட்டித் திரும்பியது. ஒட்டாமல் மிச்சமிருந்தவன் நான்தான், கதவுப் பக்கம் போய் மோதினேன். பெல்ட் தோளை இறுக்கியது.

இறுகிய டயர், தேய்ந்த ஓரம், ஒன்றரை வருடம் சூடே காணாதது, அதுவே இப்படி. புதிதில் எப்படிப் பிடித்திருக்கும்? வாழ்நாளில் பாதியாக இந்த ஒரு சொல்லைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறேன். நல்ல பிடிப்பு சார், இதில் பிடிப்பு அதிகம் சார், இதைவிடப் பிடிப்பு வேண்டுமென்றால் சொல்லி வரவழைக்க வேண்டும் சார். அது உடம்பில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தத் திருப்பத்தில்தான் தெரிந்தது. நீ ஏன் இதைச் சுமதிக்குக் கொடுக்க நினைத்தாய் என்பதும் அங்கேதான் முழுதாகப் புரிந்தது. இப்படிப் பிடிக்கிற ஒன்று கையில் கிடைத்தால் பொண்டாட்டியை அதில் உட்கார வைக்காமல் யாருக்கு மனசு வரும்? உன் கணக்குத் தப்புதான். ஆனால் அந்தத் தப்பை நானும் செய்திருப்பேன்.

சாயங்காலத்துக்குள் பள்ளம் இருந்த இடமே தெரியாமல் நான்கும் தேய்ந்து முடிந்தன. கடைசிச் சுற்று முடித்து வந்து நிறுத்தியதும் சுமதி ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்குள் அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. பிறகு இறங்கி, டயரைக் குனிந்து பார்த்தாள்.

"கழட்டிடுங்கண்ணா" என்றாள்.

கழற்றினேன். "வூட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா? தென்னைக்குப் பாத்தி கட்டலாம்" என்று கேட்டேன். "எதுக்கு? முடிஞ்சுபோச்சு. எடைக்கு எடுக்கறவங்க வந்தாக் குடுத்துடுங்க" என்றாள். கொடுத்துவிட்டேன். அதில் மறுயோசனை எனக்கும் இல்லை. நீ இருந்தாலும் அதைத்தான் செய்வாய்.

நேற்று இங்கே நல்ல மழை. கடைக்கு முன்னால் சாக்கடை நிரம்பி ரோட்டில் ஓடியது. காலையிலிருந்து போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், பெரிய வியாபாரம் பேசுகிறவன் மாதிரி. முதல் பீரியடுக்கு முன்னால் சுமதி கூப்பிட்டாள். "வந்துட்டேங்ண்ணா. அதே எடத்துல அதே அளவு தண்ணி. ஒண்ணுமே தெரியல" என்றாள். பின்னால் பிள்ளைகள் இரைச்சல். வைத்துவிட்டாள். நான் ஒரு டீ சொல்லி, அது ஆறும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு மட்டும் இடது தோள் வலிக்கிறது. பெல்ட் இறுக்கிய இடம் கன்றிப்போய் இருக்கிறது, கையைத் தூக்கினால் தெரிகிறது. வீட்டில் தைலம் எடுத்து வைத்தார்கள். இந்த வயதில் உனக்கெதுக்கு இந்த வேலை என்று பாட்டும் கிடைத்தது. தைலத்தை இன்னும் தொடவில்லை. நாலைந்து நாளில் தானாகப் போய்விடும் என்று தெரியும். போகும்வரை இருக்கட்டும்.